பெயரற்ற மூவரும் பெயர் பெற்ற பெண்களும்

சென்னையிலிருந்து தெற்கே விழுப்புரம் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது திண்டிவனம். புளியமரத்தைக் குறிக்கும் 'திந்திரிணி' என்னும் வடசொல்லோடு 'வனம்' சேர்ந்து, திந்திரிணிவனம் என்பதே திண்டிவனமாயிற்று என்பர். இவ்வூரில் கோயில் கொண்டுள்ள ஈசனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருப்பெயர். சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர்களுக்கு இது ஓய்மானாடு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நிலம். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இத்துணைத் தொன்மை வாய்ந்த ஊரின் பிற்கால வரலாற்றில் ஓர் இரவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிகழ்ந்த அவ்விரவைப் பற்றி வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றை எழுதிய ஒவ்வொருவரும் எழுதியுள்ளனர். ஆயினும் அக்கதை பெரும்பாலும் ஓர் அமெரிக்க இளம்பெண்ணின் மனமாற்றக் கதையாகவே சொல்லப்படுகிறது. தென்னிந்தியக் கிறித்துவப் பெண்கள் தம்மை மதிப்பிற்குரியவர்களாக உணரத் தொடங்கிய நெடிய வரலாற்றின் ஒரு கண்ணியாக அவ்விரவை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உள்ளத்துக் காயம் எதனால் ஆறுகிறது, ஒருத்திக்குத் தன் மதிப்பு எங்கிருந்து கிடைக்கிறது என்னும் வினாக்கள் இன்று ஆலோசனை நூல்களிலும் செபக்கூட்டங்களிலும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. அவற்றுக்கு வரலாறு தரும் விடை என்ன என்று காண்போம்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கப்பெற்றது. அதைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள். அவர்தம் தந்தை முதலாம் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்குப் புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். பின்னர் 1836-இல் சென்னைக்கு வந்தவர். அமெரிக்காவிலிருந்து அயல்நாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி என்று அறியப்படுபவர். வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் பரவிய இம்மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. அங்குள்ள வால்டர் ஸ்கடர் பள்ளி அக்குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஜான் ஸ்கடரின் மகனும் தந்தையின் பெயரையே கொண்டவருமான இரண்டாம் ஜான் ஸ்கடரும் ஒரு மருத்துவர். அவருடைய ஒரே மகள் ஐடா 1870 திசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சத்தை ஐந்தாறு வயதுச் சிறுமியாகக் கண்டவர் அவர். பட்டினியால் கையைத் தூக்கவும் வலுவிழந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை இட்டது அவர் நினைவிலிருந்து என்றும் நீங்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் கல்வி கற்ற அவருக்கு, இந்தியாவுக்குத் திரும்பி மிஷனரியாக வாழும் எண்ணம் சிறிதும் இல்லை. தாயார் உடல்நலம் குன்றியமையால், சில காலம் துணையாக இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றே 1890-இல் திண்டிவனத்துப் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்குக் கழித்த நாள்களில்தான் அந்த இரவு வந்தது. பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். மிக இளவயதினளான அவர் மனைவி மகப்பேற்று வேதனையில் கிடந்தாள். ஐடா தம் தந்தையை அழைத்துவர முனைந்தார். அயலான் ஒருவன் தம் மனைவியைப் பார்ப்பதினும் அவள் இறப்பதே மேல் என்று மறுத்து வந்தவர் திரும்பினார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளோடு வந்தார். அதே மறுப்போடு சென்றார். மூன்றாவதாக உயர்சாதி இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே சென்றார். மருத்துவம் பயின்ற ஆண் அவ்வீட்டில் இருந்தார். அவரை அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் ஏற்றிருக்கக்கூடிய பெண் அவ்வீட்டில் இருந்தார். அவருக்கு மருத்துவம் தெரியாது. காலையில் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று ஆள் விட்டு அறிந்துகொண்டார் ஐடா. அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் கற்று இந்தியாவுக்கே திரும்புவேன் என்று பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சி நமக்குக் கிடைப்பது ஐடா பிற்காலத்தில் சொன்னவற்றின் வாயிலாகவும் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் வாயிலாகவும்தான். அதில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியவை.

முதலாவது, இறந்த மூவரின் பெயர்கள் அக்கதையில் இல்லை. அவர்கள் கணவர்களின் சாதியாலும் சமயத்தாலும் மட்டுமே அடையாளம் பெறுகின்றனர். சாகும்போது தமக்காகப் பேசவும் அவர்களுக்கு வாய்ப்பில்லை; அவர்களுடைய உயிரைப் பற்றிய முடிவு வாசற்படியில் ஆண்களால் எடுக்கப்பட்டது. உள்ளே வேதனையில் கிடந்தவளிடம் 'வைத்தியரை வரச் சொல்லட்டுமா' என்று எவரேனும் கேட்டிருப்பரா என்பது நம் கற்பனைக்கும் எட்டவில்லை.

இரண்டாவது, இக்கதையில் எவரும் பேசாத ஒருத்தியும் இருந்திருத்தல் வேண்டும். அவள் ஊர் மருத்துவச்சி. நாவிதர் குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்தது தமிழகத்து ஊர்களின் வழக்கம். இயல்பான பேறுகளை அவர்களே கைதேர்ந்து நடத்தினர். ஆனால் இடுப்பெலும்பு முழுமையாக வளராத சிறுமிக்குக் குழந்தையின் தலை சிக்கிக்கொண்டால், ஆயுதம் கொண்டோ அறுவை கொண்டோ எடுப்பதைத் தவிர வழியில்லை. அக்கல்வி மருத்துவச்சிக்கு மறுக்கப்பட்டிருந்தது. அக்கல்வியைப் பெற்றிருந்த ஆணுக்கோ அறைக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. இவ்விரு மறுப்புகளுக்கும் இடையில் சிக்கியே மூவரும் மாண்டனர். மிஷனரி ஏடுகள் மருத்துவச்சியை அறியாமையின் உருவமாகவே சித்திரித்தன. அவளுடைய அனுபவத்தையும் தீட்டென்று ஒதுக்கப்பட்ட அவள் வாழ்வையும் நாமேனும் நினைவிற்கொள்ளல் தகும்.

அவ்விரவுக்கு முன்

ஐடாவின் முடிவு வெறும் நிலத்தில் விழுந்த விதை அன்று. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பெண்கல்வி இப்பகுதியில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

இன்றைய விழுப்புரம் மாவட்டம் கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்பில் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அடங்கும். 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் தலைமையில் புதுச்சேரியில் குருக்கள் பேரவை ஒன்று கூடியது. பள்ளிகள் வேண்டும் என்னும் கருத்து அங்கு வலுப்பெற்றது. அதே ஆண்டு துய்புயி அடிகளார், மரியாவின் மாசற்ற இருதயத்தின் பெயரால், பெண்களுக்குக் கல்வி புகட்டுவதையே நோக்கமாகக் கொண்ட கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். தமிழ்–பிரெஞ்சு அகராதிப் பணியால் தமிழறிஞர்களுக்கும் அறிமுகமானவர் இவர். இச்சபையில் சேர்ந்தவர்கள் தமிழ்ப் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் தேவதாசி என்றே பொருள்கொள்ளப்பட்ட காலம் அது. குடும்பப் பெண்ணின் கையில் ஏட்டைக் கொடுப்பதே அவமானம் எனக் கருதப்பட்டது. அவ்வவமானத்தைத் தாமே ஏற்று, மணம் புரியாமலும் மதிப்போடு வாழலாம் என்று காட்டியவர்கள் அக்கன்னியர். இதன் அருமையை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை.

சீர்திருத்தத் திருச்சபைகளின் பக்கத்தில் இத்தகைய இடத்தை வகித்தவர்கள் 'பைபிள் ஸ்திரீகள்' எனப்பட்டோர். இவர்களுள் கைம்பெண்கள் பலர். வீட்டை விட்டு வெளியே வர இயலாத பெண்களை அவர்கள் வீட்டுக்கே சென்று சந்தித்து, வேதம் வாசிக்கவும் எழுத்தும் தையலும் கற்றுத்தரவும் செய்தனர். மாதச் சம்பளம் பெற்றனர். தெருவில் தனியே நடந்தனர். மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக்கூடாதவள் என்று ஊர் ஒதுக்கிய கைம்பெண்ணை ஒரு வீட்டார் வாரந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்தனர். கைம்மையின் காயத்திற்கு அதைவிட நல்ல மருந்து இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் மிஷன் அறிக்கைகளில் இவர்களுட் பெரும்பாலோர் எண்ணிக்கையாகவே இடம் பெற்றனர். பெயர் மறைதல் அந்தத் திண்டிவனத்து வீடுகளோடு முடிந்துவிடவில்லை.

அக்காலக் கிறித்துவப் பெண்ணின் உள்ளத்தை உள்ளிருந்தே எழுதிக் காட்டியவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862-இல் அகமதுநகரில், பிராமண குலத்திலிருந்து கிறித்துவத்தைத் தழுவிய மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நன்கு பயின்றும், ஓராண்டில் உடல்நலம் குலைந்து படிப்பைக் கைவிட நேர்ந்தது. சென்னைத் தமிழ்க் கிறித்துவக் குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் சத்தியநாதனை மணந்து, உதகையில் இசுலாமியச் சிறுமியர்க்குப் பள்ளி நடத்தினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' என்னும் தன்வரலாற்று நாவல் 1887-88-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. ஒருபுறம் பழைய குலத்தாரின் ஒதுக்கலும் மறுபுறம் வெள்ளைக்கார மிஷனரிப் பெண்கள் சிலரின் மேட்டிமையும் அழுத்த, இரண்டிற்கும் தலைவணங்காத ஒரு பெண்ணின் கதை அது. 1894-இல், முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். மருத்துவர் ஆக இயலாமற்போன கிருபாபாயின் ஏக்கமும் மருத்துவர் இல்லாமல் மாண்ட திண்டிவனத்துப் பெண்களின் துயரும் ஏறத்தாழ ஒரே காலத்தவை.

பாலாற்றங்கரை வேலூர்

சிறுபாணாற்றுப்படையில் வரும் வேலூரை இப்பகுதியின் உப்புவேலூராகக் கருதுவர் ஆய்வாளர். நாம் இனிக் காணப்போவது பாலாற்றங்கரையில் உள்ள வேலூர்.

ஐடா பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, இறுதியாக கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்றார். 1900 சனவரியில் இந்தியா திரும்பினார். அதே ஆண்டு மே மாதத்தில் தந்தை இறந்தார். உடனிருந்து வழிகாட்டுவார் என நம்பியிருந்தவரை இழந்த நிலையில், வேலூர்ப் பங்களாவின் சிறு அறையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடைய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் எழுந்தது.

ஒரு மருத்துவர் எத்தனை பெண்களைக் காப்பாற்ற இயலும்? ஒரே இரவில் மூன்று கதவுகள் தட்டப்பட்டால், இரண்டு கதவுகளுக்குள் அவர் செல்ல முடியாது. எனவே, தம் கைகளைப் பெருக்கும் வழியைத் தேடினார் ஐடா. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதே காலத்தில் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுக்கும் சாலையோர மருத்துவமும் வளர்ந்தது.

செவிலியர் பணிக்குப் பெண்கள் எங்கிருந்து கிடைத்தனர்? பெரும்பாலும் கிறித்துவக் குடும்பங்களிலிருந்தே. இரத்தமும் சீழும் மலமும் தீட்டெனக் கருதப்பட்ட சமூகத்தில், அவற்றைத் தொடும் தொழிலுக்கு மகளை அனுப்பப் பிறர் தயங்கினர். கிறித்துவப் பெண்ணை அனுப்பியவர்களும் எல்லாரும் மனமுவந்து அனுப்பினார்கள் என்று கொள்வதற்கில்லை. வறுமை உந்தியது, கைம்மை உந்தியது, மிஷன் பள்ளியில் வளர்ந்ததனால் வேறு போக்கிடம் இன்மையும் உந்தியது. அவ்வாறு வந்தவளுக்கு வெள்ளைச் சீருடையும் சான்றிதழும் ஊதியமும் கிடைத்தன. ஊர்த்தெருவில் தன்னைக் கண்டு ஒதுங்கிய வீட்டின் பெண், பேற்று வலியில் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். தீட்டின் எல்லைக்கோடு அந்த ஒரு பிடியில் அழிந்துவிட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் அப்பிடியை அனுபவித்த செவிலி தன்னைப் பற்றி முன்போல் எண்ணியிருக்கமாட்டாள்.

1918 ஆகத்து 12 அன்று பெண்களுக்கான ஒன்றிணைந்த மிஷன் மருத்துவப் பள்ளி வேலூரில் திறக்கப்பட்டது. முதல் உலகப்போர் இன்னும் முடியாத நேரம், கட்டடங்கள் போதா, ஆசிரியர்கள் போதார். பெண்கள் இப்படிப்புக்கு வருவார்களா, வந்தாலும் தேறுவார்களா என்று அரசின் மருத்துவத் துறைத் தலைவரே ஐயுற்றார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். இருந்த இடங்களினும் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. முதலாண்டுத் தேர்வில் மாகாணத்து ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவரே தேற, வேலூரின் பெண்கள் பதினால்வரும் தேறினர் என்பது அவ்வரலாறுகள் பெருமிதத்தோடு கூறும் செய்தி. அப்பதினால்வரும் 1922-இல் எல்.எம்.பி. பட்டயம் பெற்று வெளியேறினர்.

இவர்கள் தனித்தனி ஊர்களில் மிஷன் மருத்துவமனைகளுக்கும் பெண்கள் மருத்துவமனைகளுக்கும் சென்றனர். 'டாக்டரம்மா' என்னும் சொல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் நாவில் ஏறத் தொடங்கிய காலம் இது. அச்சொல்லில் உள்ள 'அம்மா' உறவைக் குறிப்பது. 'டாக்டர்' அதிகாரத்தைக் குறிப்பது. இரண்டும் அந்த ஒரே விளியில் சேர்ந்தன.

சேவை என்னும் சொல்

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பி விடை காணுதல் வேண்டும். பணிவிடை பெறுவதினும் பணிவிடை செய்தலைப் போற்றும் நற்செய்தி வாசகத்தையே இக்கல்லூரி தன் குறிக்கோளாகக் கொண்டது. பெண்ணிடம் போய்ப் பணிவிடை செய் என்று கூறுவதில் புதுமை என்ன இருக்கிறது? தாயாகவும் மனைவியாகவும் மருமகளாகவும் அவள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவது அதுதானே?

இவ்வினா நியாயமானது. நம் விடை இது: சேவை அவளுக்குப் புதிதன்று. திறன் புதிது. ஊதியம் புதிது. நோயாளியின் படுக்கையருகே நின்று 'இவளை இப்போதே அறுவை செய்தாக வேண்டும்' என்று முடிவெடுக்கும் உரிமை புதிது. திண்டிவனத்து வாசற்படியில் ஆண்களிடம் இருந்த அம்முடிவு, ஒரு தலைமுறைக்குள் வேலூரில் பயின்ற பெண்ணின் கைக்கு வந்தது. தன்மதிப்பு அங்கிருந்தே முளைத்தது. 'கடவுள் உன்னை நேசிக்கிறார்' என்று அவளுக்குச் சொன்னவர்கள் அதற்கு முன்பும் பலர் இருந்தனர். 'இந்த உயிர் உன் பொறுப்பு' என்று அவளிடம் ஒப்படைத்தவர்கள் அரியர். முதற்கூற்றை அவள் உண்மையென உணர்வதற்கு இரண்டாவது வேண்டியிருந்தது.

அம்முடிவுரிமையைத் தக்கவைத்தலும் எளிதாக இருக்கவில்லை. 1938-இல் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்துமாறு ஆணையிட்டது. அதற்கான பொருளும் ஆசிரியர்களும் இல்லாத பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பிற மிஷன்களின் உதவி கிடைக்கும் என்னும் யோசனை எழுந்தது. பெண்களுக்கென்று பெண்கள் திரட்டிய பணம் இது, இதை ஆண்களுக்கு விடுவது துரோகம் என்று அமெரிக்காவில் லூசி பீபாடி போன்ற நெடுநாள் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். எழுபதை நெருங்கிய ஐடா நெடுங்காலம் தயங்கி, இறுதியில் இணைப்புக்கு உடன்பட்டார். 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். இடையே 1946-இல், இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளுள் ஒன்றும் இங்குத் தொடங்கிற்று. எதிர்ப்பாளர்களின் அச்சம் பொருளற்றது என்று நாம் கருதவில்லை. பெண்கள் தமக்கென்று கட்டிய வீட்டைப் பொதுவாக்கும்போது தலைமை யாரிடம் போகும் என்பது எக்காலத்திற்கும் உரிய கேள்வி. அக்கட்டத்தில் தலைமை ஓர் இந்தியப் பெண்ணிடமே வந்தது என்பது ஆறுதல். விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஹில்டா லாசரஸ், 1940களின் இறுதியில் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

காயம், தன்மதிப்பு என்னும் இரண்டையும் ஒருங்கே விளக்கும் வாழ்க்கை மேரி வர்கீஸுடையது. 1925-இல் கொச்சிப் பகுதியில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், மகப்பேற்று மருத்துவராக விரும்பினார். 1954 சனவரி 30 அன்று நண்பர்களோடு உலாப்போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான தழும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. வயது இருபத்தெட்டு.

அக்காலத்துக் கிறித்துவக் குடும்பத்தில் மணமாகாத ஓர் இளம்பெண்ணுக்கு இது எத்தகைய இடி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை, செபித்தவர்களுக்கும் குறைவில்லை. தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவையில் முன்னோடியான பால் பிராண்ட் அவரிடம் வேறொன்றைக் கூறினார்: கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிடும். நலமாக உள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தினால் அவ்விரல்கள் மீண்டும் விரியவும் பற்றவும் கூடும். கால்களை இழந்த மருத்துவர், கைகளை இழந்தவர்களுக்குக் கைகளைத் திருப்பித்தரலானார்.

அதோடு அவர் அமையவில்லை. ஆஸ்திரேலியாவிலும் பின்னர் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் அதற்கெனத் தனித்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் முறிந்து படுக்கையில் கிடந்தவனிடம் 'உன்னால் முடியும்' என்று நின்றுகொண்டு சொல்வது எளிது. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து சொன்னார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் மறைந்தார். அவருடைய கால்கள் ஒருநாளும் குணமாகவில்லை. ஆறியது எது என்று வாசகர்கள் அறிவர்.

திருச்சபைக்குள் ஒரு காயம்

இம்மட்டோடு கட்டுரையை முடித்தால் அது பாராட்டுரை ஆகிவிடும். விழுப்புரத்துக்கே திரும்புவோம்.

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர், புனித ஜெபமாலை அன்னையின் பெயரால் அமைந்த பழைமையான பங்கு. 2008 மார்ச்சில் அவ்வூர் நாடெங்கும் பேசப்பட்டது. அப்போது அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று உள்ளது. ஒரே ஆலயத்தில் வழிபட்டும், இருக்கையிலும் இறுதி ஊர்வலப் பாதையிலும் தங்களுக்குச் சமத்துவம் இல்லை என்று தலித் கிறித்துவர்கள் தனிப்பங்கு கோரினர். மோதல் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, மார்ச் 9 அன்று காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே மேசையில் அப்பம் உண்டவர்களிடையே இது நிகழ்ந்தது.

சாதியின் காயத்தையும் பெண்ணென்னும் காயத்தையும் சேர்த்துச் சுமக்கும் கிறித்துவப் பெண்ணுக்கு மருத்துவமனைச் சீருடை மட்டும் போதாது. அக்காயத்திற்குச் சொல் வேண்டியிருந்தது. அச்சொல்லைத் தந்தவர் பாமா. தென்மாவட்டத்துச் சிற்றூரில் 1958-இல் பிறந்து, ஆசிரியராகி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கனவோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதி இருந்தது. ஏழைமை விரதம் பூண்டவர்களிடையே வசதி இருந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் மடத்தை விட்டு வெளியேறினார். கையில் வேலை இல்லை. ஊருக்குத் திரும்பினால் 'ஓடிவந்தவள்' என்னும் பார்வை. அந்நிலையில் எழுதத் தொடங்கியதே 1992-இல் வெளிவந்த 'கருக்கு'. அந்த எழுத்து தம்மை ஆற்றியது என்று அவரே பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். 2000-இல் லட்சுமி ஓம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்த இந்நூல், பிறகு பல தலித் பெண்கள் தத்தம் வாழ்வை எழுத வழி திறந்தது. பேச்சு வழக்கைப் பெரிதும் கையாண்ட அதன் நடை, தன் தாயும் பாட்டியும் பேசிய மொழி வெட்கப்படத்தக்கதன்று என்னும் அறிவிப்பாகவும் அமைந்தது.

பனங்கருக்கு இருபுறமும் வாள்போல் அறுக்கும். மடத்தில் கற்ற வேதமே மடத்தைக் கேள்வி கேட்கும் துணிவை அவருக்குத் தந்தது என்பதையும் அந்நூலில் காண்கிறோம். கன்னியர் மடத்தின் கதவைத் திறந்து உள்ளே சென்ற 1844-ஆம் ஆண்டுப் பெண்களும் அக்கதவைத் திறந்து வெளியே வந்த பாமாவும் முரண்பட்டவர்கள் அல்லர். தன் வாழ்வைப் பற்றிய முடிவைத் தானே எடுத்தல் என்னும் ஒரே செயலையே இரு காலங்களில் அவர்கள் செய்தனர்.

முடிவாக

தொகுத்துப் பார்த்தால், இவ்வரலாற்றில் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. கைம்பெண்ணான பைபிள் ஸ்திரீ, தீட்டைத் தொட்ட செவிலி, 1922-இன் பதினால்வர், மேரி வர்கீஸ், பாமா ஆகியோரில் ஒருவருக்கும் காயம் முதலில் ஆறி, பின்னர் வேலை கிடைக்கவில்லை. வேலை கையில் வந்தது. அது மற்றொருவரின் துயரைத் தொட்டது. அதன் வழியே தன் காயத்தோடு வாழும் வலிமை பிறந்தது. அப்பெண்ணிடம் எவரோ ஒருவர் கருவியையோ ஏட்டையோ எழுதுகோலையோ நம்பி ஒப்படைத்தார். அல்லது அவளே எடுத்துக்கொண்டாள். இன்று உள்ளம் உடைந்து வரும் பெண்ணிடம் பொறுமையையும் மன்னிப்பையும் மட்டுமே பரிந்துரைக்கும் போதகர்களும் ஆலோசகர்களும் இதனைச் சிந்தித்தல் நலம். அவளுக்கு எதை ஒப்படைக்கப்போகிறோம், எந்த முடிவை அவள் கையில் விடப்போகிறோம் என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

ஐடா ஸ்கடர் 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார். அவர் பெயரால் கட்டடங்கள் உள்ளன, சாலை உள்ளது. திண்டிவனத்து மூவருக்கு நடுகல் ஏதும் இல்லை. வீரன் இறந்த இடத்தில் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. இன்று வேலூரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தகுதி பெற்று வெளியேறும் பெண் மருத்துவர்களும் செவிலியரும் கையெழுத்திடும் ஒவ்வொரு பதிவேட்டிலும் நோயாளியின் பெயர் முதலில் எழுதப்படுகிறது. பெயர் தெரியாமல் இறந்த அம்மூவர்க்கும் அதனினும் பொருத்தமான நடுகல் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.